வயதான ஆண் கினிப் பன்றிக்கு உறுப்பு அடிக்கடி வெளியே வந்துவிட்டால்

எங்கள் வீட்டு ஆண் கினிப் பன்றிக்கு ஆறு வயது தாண்டிவிட்டது. பெயர் பெரியவர். வயதுக்கு மரியாதை கொடுத்து 'அவர்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய தொந்தரவு, ஆண்குறி உறைக்குள் திரும்பாமல் வெளியிலேயே நின்றுவிடுவது. சரியாகும், சில வாரம் நிம்மதியாகப் போகும், அப்புறம் மறுபடி வரும். இப்படி வந்து வந்து போகிற ஒன்றை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காகத்தான் இது. உங்களுக்கு இதுதான் முதல் தடவை என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். நான் வீட்டில் செய்வதெல்லாம் எங்கள் டாக்டர் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்து, 'இதை நீங்களே செய்யலாம்' என்று சொன்னவை மட்டுமே.

வெளியே வந்திருப்பது எது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஆண்குறி என்றால் வயிற்றுப் பக்கமாக இருக்கும் துவாரத்திலிருந்து, வெளிர் ரோஜா நிறத்தில், குச்சி போல நீண்டிருக்கும். நுனியில் சின்னக் கொம்பு மாதிரி இரண்டு முளைகள் தெரியலாம். பார்த்துப் பயந்துவிடாதீர்கள், இந்த இனத்துக்கு அது இயல்பு. அதற்குப் பின்னால், ஆசனவாயிலிருந்து சிவப்பாக, ஈரமாக, உருண்டையாக ஏதாவது பிதுங்கியிருந்தால் அது குடல். அதை வீட்டில் உள்ளே தள்ள முயலவே கூடாது. மேலே ஒரு துண்டு குடல் இன்னொரு துண்டுக்குள் செருகிக்கொண்டு அப்படி வந்திருக்கலாம், வெளியிலிருந்து பார்த்து நம்மால் பிரித்தறிய முடியாது. ஈரத்துணி போட்டு மூடி, உடனே கிளம்பிவிட வேண்டும்.

தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போதும், கூட இருப்பவர் மேல் ஏறும்போதும் ஆண்குறி வெளியே வருவது சகஜம், சற்று நேரத்தில் தானே உள்ளே போய்விடும். போகாமல் நிற்பதுதான் பிரச்சினை. வெளியே நிற்க நிற்கக் காய்கிறது, காயக் காய வீங்குகிறது, வீங்கினால் உறையின் வாய் இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஈரம்.

கையில் தயாராக வைத்திருக்க வேண்டியவை குறைவுதான். மருந்துக்கடை சலைன், நூல் பிரியாத காஸ் துணி, தண்ணீரில் கரையும் வழுக்கு ஜெல், ஒரு டார்ச். சலைன் தீர்ந்துபோயிருந்தால் கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் முக்கால் டீஸ்பூன் உப்பு போதும். ஜெல்லில் வாசனையோ, மரத்துப்போகச் செய்யும் மருந்தோ கலந்திருக்கக் கூடாது. பஞ்சு வேண்டாம், அதன் இழை ஒட்டிக்கொண்டு அதுவே அடுத்த தொல்லையாகிவிடும்.

இருவர் இருந்தால் நல்லது. ஒருவர் அவரை மார்போடு அணைத்து, முதுகு தன் பக்கம் இருக்கும்படி, பின்புறத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொள்ள வேண்டும். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், மூச்சுக்குச் சிரமப்படுவார். வெதுவெதுப்பான சலைனை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் புல்துணுக்கு, வெள்ளையான அழுக்கு, விந்து கெட்டியாகி ரப்பர் போல் ஆன துண்டு எல்லாம் ஊறினால் தானே விடும், பிய்க்கக் கூடாது. அப்புறம் டார்ச் அடித்து அடிப்பகுதியைச் சுற்றிப் பாருங்கள். உதிர்ந்த முடி ஒன்றிரண்டு வளையம்போல் சுற்றி இறுக்கியிருக்கலாம். பல நேரம் முடியே கண்ணுக்குத் தெரியாது, அது பதிந்த கோடு மட்டும்தான் தெரியும். ஜெல் தடவி, விரல் நுனியால் நுனிப்பக்கமாக உருட்டினால் வளையம் கழன்று வந்துவிடும். கத்தரிக்கோலை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது உள்ளே அனுப்புவது. பலரும் ஆண்குறியைப் பிடித்துத் தள்ளப் பார்க்கிறார்கள். அதைவிட, ஜெல் நிறையத் தடவிவிட்டு, உறையின் ஓரத்தை முன்னால் இழுத்து அதன் மேல் போர்த்துவது சுலபம், வலியும் குறைவு. உறையின் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்தால் முதலில் அதைப் பிரித்துவிட வேண்டும். சில நிமிடங்களில் போகவில்லையா, விட்டுவிடுங்கள். ஈரக் காஸைச் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் போவதுதான் அடுத்த படி. உள்ளே போய்விட்டது என்றாலும் அன்றைக்குச் சிறுநீர் போகிறாரா, சாப்பிடுகிறாரா என்று பார்த்தே ஆக வேண்டும்.

நிறம் ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தாலோ, காய்ந்து விறைத்திருந்தாலோ, சிறுநீர் வராமல் முக்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு ஒரு மூலையில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தாலோ வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தீவனத்தைத் தொடாமல் அரை நாள் போனாலே இவர்களுடைய குடல் நின்றுபோக ஆரம்பித்துவிடும்.

டாக்டரிடம் இரண்டு விஷயங்களை நான் எப்போதும் வாய்விட்டுக் கேட்பேன். ஒன்று, எக்ஸ்ரே. திரும்பத் திரும்ப வருகிறது என்றால் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அதில் சிறுநீர்க் கல் முக்கியமானது. இவர்களுக்கு வருவது பெரும்பாலும் கால்சியம் (சுண்ணாம்புச் சத்து) படிந்த கல் என்பதால் எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரியும். இன்னொன்று, ஆன்டிபயாட்டிக். அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகைகளையும் கிளிண்டாமைசினையும் வாய்வழியாகக் கொடுத்தால் கினிப் பன்றியின் குடல் கிருமிகள் நிலைகுலைந்து உயிரே போகலாம். நாய் பூனையை மட்டும் பார்த்துப் பழகிய டாக்டராக இருந்தால் இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். வலிக்கு மெலாக்சிகாம் கொடுப்பார்கள், அளவு அவர்கள் சொல்வதுதான். மனிதருக்கான வலி மாத்திரை எதுவும் வேண்டாம். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டச் சொன்னால், அதை மாட்டியபின் அவர் தன் மென்மையான புழுக்கையை (சத்துக்காக இவர்கள் திரும்பத் தின்னும் வகை) குனிந்து எடுத்துச் சாப்பிட முடியாது என்பதையும் பேசிவிடுங்கள்.

எங்கள் பெரியவர் விஷயத்தில் துப்புக் கொடுத்தது ஒரு நோட்டுதான். வெளியே வந்த தேதி, அன்றைய எடை, புழுக்கை எப்படி இருந்தது என்று எழுதிக்கொண்டே வந்தோம். பெரும்பாலும் பின்புறத்தில் புழுக்கை அடைத்துக்கொண்ட நாட்களில்தான் வெளியே வந்திருக்கிறது. வயதான ஆண்களுக்கு அங்கே தசை தளர்ந்து, மென்மையான புழுக்கை பை மாதிரி ஓரிடத்தில் சேர்ந்து உருண்டையாகிவிடும். அது அழுத்தும், அவர் முக்குவார். இப்போது தினமும் மாலையில் அந்தப் பையை ஜெல் தடவிச் சுத்தம் செய்கிறோம். இரு பக்கமும் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் உருண்டை வெளியே வரும். நாற்றம் பயங்கரமாக இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். ஆரம்பித்த பிறகு இரண்டு தடவைக்கு நடுவே உள்ள இடைவெளி நன்றாகவே நீண்டிருக்கிறது.

மற்றதெல்லாம் எளிது. மரத்தூளை எடுத்துவிட்டு வழவழப்பான ஃபிளீஸ் துணி விரியுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள். ஈரமும் அழுக்கும் ஈயைக் கூப்பிடும், முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். காய்ந்த புல் எப்போதும் இருக்கட்டும். அல்ஃபால்ஃபா (குதிரைமசால்) மட்டும் வேண்டாம், வளர்ந்த விலங்குக்கு அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வைட்டமின் சி இவர்கள் உடலில் உற்பத்தியாகாது, குறைந்தால் திசுக்களே தளர்ந்துபோகும். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. குடிநீரில் கலந்தால் வீரியம் போய்விடும், குடைமிளகாயாகவோ தனியாக வாயிலோ கொடுங்கள். துணைக்கு இன்னொருவர் இருந்தால், வெளியே வந்திருக்கும் நேரத்தில் நடுவே கம்பி வலை வைத்துப் பிரித்து வையுங்கள், கடித்துவிட வாய்ப்பு உண்டு. ஒரேயடியாகப் பிரித்தால் ஏங்கிச் சாப்பிட மாட்டார்.

எடையை வாரம் ஒரு முறை, தொந்தரவு இருக்கும்போது தினமும், ஒரே நேரத்தில் போடுங்கள். ஐம்பது கிராம் குறைந்தால் கவனிக்க வேண்டும், நூறு குறைந்தால் டாக்டர். கடைசி வழியாக டாக்டர் தையல் போட்டு ஆண்குறியைச் சில நாள் உள்ளே நிறுத்தலாம், திசு செத்துவிட்டால் வெட்டி எடுக்கவும் வேண்டியிருக்கும். இந்த வயதில் மயக்க மருந்து சின்ன விஷயமில்லை. பெரியவருக்கு இப்போதைக்கு எடை நிற்கிறது, தானே சாப்பிடுகிறார், ஆகவே கத்தி வேண்டாம் என்று முடிவு. எடை இறங்க ஆரம்பித்தாலோ இடைவெளி மறுபடி குறைந்தாலோ அந்தப் பேச்சை எடுப்பதாக டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.