மழையில் நின்றுபோன வண்டியில் செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள்

கொட்டுகிற மழையில், முழங்கால் தண்ணீரில், வண்டி திடீரென்று ஆஃப் ஆகிறது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், ஷூவுக்குள் தண்ணீர், ஹெல்மெட் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில் கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் இடம் செல்ஃப் பட்டன். மழைக்காலத்தில் ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை பத்துப் பதினைந்தாயிரமாக மாறுவது பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான். மழை வண்டியை நிறுத்தும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாம் செய்கிற காரியம்தான் இன்ஜினை உடைக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்த மறுநாள் என் சித்தப்பா மகன் வேளச்சேரியில் செய்தது இதுதான். பார்க்கிங்கில் டேங்க் வரைக்கும் மூழ்கிக் கிடந்த 125 சிசி வண்டி. தண்ணீர் இறங்கியதும் துடைத்துவிட்டு செல்ஃப் அடித்திருக்கிறான். 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி வீக் என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரைத் தள்ளச் சொல்லி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டிருக்கிறான். வண்டி அரை அடி துள்ளி பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. மெக்கானிக் கடையில் இன்ஜினைப் பிரித்தபோது நானும் கூட இருந்தேன். கனெக்டிங் ராடை, அதாவது பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போகிற தண்டை, துணியில் துடைத்து என் கையில் கொடுத்தார். பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. தரையில் கிடந்த இரும்புத் தகட்டின் மேல் வைத்தபோதுதான் நடுவில் ஒரு தீக்குச்சி நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரிந்தது. "பிளக்கைக் கழட்டாம தள்ளி ஸ்டார்ட் பண்ணீங்களாண்ணா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்கைத்தான் சொன்னார்.

ஏன் இப்படி ஆகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் அப்புறம் கை அந்தப் பட்டன் பக்கம் போகாது. இன்ஜினுக்குள் வருகிற காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக நசுக்குகிறது. காற்று நசுங்கும். தண்ணீர் நசுங்காது. 125 சிசி இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது அதற்கு மேலே மிச்சமிருக்கும் இடம் சுமார் 14 மில்லிதான், மூன்று டீஸ்பூன்கூட முழுதாக இல்லை. அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் உள்ளே இருந்தாலே பிஸ்டன் மேலே போக வழியில்லை. செல்ஃப் மோட்டார் மட்டும் சுற்றினால் பல நேரம் மோட்டார்தான் திணறி நிற்கும். ஆனால் தள்ளி ஸ்டார்ட் செய்தால் வண்டியின் எடையும் வேகமும் மொத்தமாக அந்த ஒற்றை ராடின் மேல் இறங்குகிறது, வளையாமல் என்ன செய்யும்? ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொண்டாலும் இதே கதிதான்.

அதனால் தண்ணீருக்குள் வண்டி நின்றால் சாவியை ஆஃப் செய்து, நியூட்ரலில் போட்டு, மேடான இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். பிளக் ஸ்பேனர் இருந்தால் (புது வண்டியோடு வருகிற டூல் கிட்டில் பெரும்பாலும் இருக்கும், பாதிப் பேர் அதைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள்) பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பிளக்கைத் திரும்ப அதன் ஒயர் முனையில் இருக்கிற கேப்பில் மாட்டி, துவாரத்தை விட்டுத் தள்ளி ஹெட்டின் (பிளக் மாட்டியிருக்கும் இன்ஜின் முனை) உலோகத்தில் படும்படி வையுங்கள், இல்லையென்றால் கரண்ட் வேறு எங்காவது பாயும். அப்புறம் கிக்கரை மெதுவாக, கையாலேயே அழுத்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் அந்தத் துவாரத்திலிருந்து பீய்ச்சி அடிக்கும், முகத்தை நேராக வைத்துக்கொண்டு குனிந்து பார்க்காதீர்கள். கிக்கர் இல்லாத வண்டி என்றால் பிளக் கழற்றிய நிலையில், டாப் கியரில் போட்டு, வண்டியை மெல்லத் தள்ளினால் போதும். வெறும் காற்று வருகிற வரைக்கும் இதைச் செய்ய வேண்டும். இதெல்லாம் முடியாது என்றால் வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு வீட்டுக்கு நடங்கள். மறுநாள் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிற செலவு ராடு மாற்றுகிற செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

சரி, எல்லா வண்டியும் தண்ணீர் குடித்துத்தான் நிற்கிறதா என்றால் கிடையாது. ரோட்டில் தண்ணீரே தேங்கவில்லை, வெறும் மழைதான், வண்டி மட்டும் விட்டுவிட்டு ஓடுகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது, பிறகு நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் காயவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. இதில் முதலில் பார்க்க வேண்டியது பிளக் கேப். வயதான வண்டிகளில் கேப்பின் ரப்பர் வெடித்திருக்கும், ஒயர் கேப்புக்குள் நுழைகிற இடம் தளர்ந்திருக்கும், ஈரம் பட்டதும் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். ஸ்ப்ளெண்டர் மாதிரி 100 சிசி வண்டிகளில் ஹெட் முன்சக்கரத்தைப் பார்த்தபடி படுத்திருக்கும், முன் மட்கார்டின் கீழே இருக்கிற ரப்பர் ஃபிளாப் பிய்ந்துபோயிருந்தால் சக்கரம் வாரி இறைக்கிற சேறு முழுக்க அங்கேதான் போய் அடிக்கும். அந்த ஃபிளாப்பை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. மழைக்கு முன்னால் நான் முதலில் மாற்றச் சொல்வது அதைத்தான். சில வண்டிகளில் பிளக் ஒரு குழிக்குள் இருக்கும், தண்ணீர் வெளியேற பக்கத்தில் சின்னத் துளை விட்டிருப்பார்கள். அது மண்ணால் அடைந்தால் குழி நிரம்பி பிளக் தண்ணீரில் நிற்கும். ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்திவிட்டால் போதும்.

இங்கே ஒரு தவறு பரவலாக நடக்கிறது. தீபாவளிக்கு முன்னால், அதாவது மழை தொடங்குகிற நேரத்தில், வண்டியைக் கொண்டுபோய் பிரஷர் வாட்டர் வாஷ் விடுவார்கள். அந்த வேகத்தில் அடிக்கிற தண்ணீர் எந்த மழையும் போக முடியாத இடத்துக்கெல்லாம் போகும், ஒயர்கள் சேர்கிற கப்ளருக்குள், சாவித் துவாரத்துக்குள், சைடு ஸ்டாண்ட் சுவிட்சுக்குள். ஸ்டாண்டைப் போட்டால் இன்ஜின் நிற்கிற மாதிரி வருகிற புது வண்டிகளில் இந்த சுவிட்சில் சேறோ ஈரமோ ஏறிக்கொண்டால், ஸ்டாண்டை எடுத்த பிறகும் வண்டி அது போட்டே இருப்பதாக நினைத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகாது. எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக பெட்ரோலைத் தெளிக்கிற ஃபியூயல் இன்ஜெக்ஷன்) போச்சு, சென்சார் போச்சு என்று பயந்துபோய்த் தள்ளிக்கொண்டு வருவார்கள், சுவிட்சைக் கழுவித் துடைத்து டபிள்யூடி 40 ஒரு அடி அடித்ததும் வண்டி ஓடும்.

பெட்ரோலில் தண்ணீர் கலப்பது இன்னொரு ரகம். ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் போகும், இழுக்காமல் அடைக்கும், நிற்கும், திரும்ப ஸ்டார்ட் ஆகும். டேங்க் மூடியைச் சுற்றி விழுகிற மழைத்தண்ணீர் வெளியேற ஒரு சின்ன ஓட்டையும் அதிலிருந்து கீழே இறங்குகிற ஒரு டியூபும் இருக்கும். அந்த ஓட்டை தூசியால் அடைந்தால் மூடியைச் சுற்றிக் குளம் கட்டும், ரப்பர் தேய்ந்திருந்தால் அது உள்ளே இறங்கும். மழையில் திறந்த வெளியில் நிற்கிற வண்டிக்கு இது ராத்திரியோடு ராத்திரியாக நடக்கிற விஷயம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் போய் உட்காரும், இன்ஜினுக்கு முதலில் போவதும் அதுதான். கார்புரேட்டர் வண்டி என்றால் கார்புரேட்டரின் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் திருகி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் டம்ளரின் அடியில் கோலிக்குண்டு மாதிரி உருண்டு உருண்டு தனியாக நிற்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பெரும்பாலும் எஃப்ஐ, அதில் இந்த வசதி இல்லை, டேங்கையே இறக்கிக் காலி செய்ய வேண்டும். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், ஓர் அளவைத் தாண்டியதும் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து தானும் பிரிந்து அடியில் தங்கிவிடும். அதனால் 'கொஞ்சம்தானே, மேலே ஃபுல் டேங்க் அடித்தால் சரியாகிவிடும்' என்று ஓட்டாதீர்கள். எஃப்ஐ வண்டியில் அது பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் கேடு.

தண்ணீரைக் கடக்கிற விதத்துக்கு வருவோம். சக்கரத்தின் அச்சு மூழ்குகிற ஆழம் என்றால் போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து, ஸ்கூட்டர் என்றால் கால் வைக்கும் பலகை வரைக்கும் தண்ணீர் வருகிற இடத்துக்குள் நுழையவே கூடாது. ஸ்கூட்டரில் பெல்ட் பெட்டி தாழ்வாக இருக்கிறது, தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும், இன்ஜின் ரேஸ் ஆகும், வண்டி நகராது. சென்னையில் துரைசாமி சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் தண்ணீரின் மட்டம் மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது, முன்னால் போன வண்டி போய்விட்டது என்று பின்னாலேயே இறங்குவது பெரிய தவறு. பஸ்ஸை ஒட்டிப் போவதும் அப்படித்தான். பஸ் ஒதுக்குகிற அலை வந்து அடிக்கும்போது அரை அடித் தண்ணீர்கூட சட்டென்று உயர்ந்து ஏர் ஃபில்டர் பக்கம் ஏறலாம். அவசியம் கடக்க வேண்டும் என்றால் முதல் கியர், ஹாஃப் கிளட்ச், நடுவில் கியர் மாற்றாமல், ஆக்சிலேட்டரை விடாமல், ஒரே சீராக, நடக்கிற வேகத்தில் போங்கள். சைலன்சரிலிருந்து வெளியே வருகிற புகைதான் தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது. வேகமாகப் போனால் நீங்களே ஓர் அலையைக் கிளப்பி அதை நீங்களே இழுத்துக்கொள்வீர்கள்.

ஏர் ஃபில்டரைச் சுற்றி பாலிதீன் கவர் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், இன்ஜினுக்கு மூச்சு முட்டும். காகித ஃபில்டர் நனைந்துவிட்டது என்று கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது அதைவிட மோசம். மண் நேராக சிலிண்டருக்குள் போய் உப்புக்காகிதம் போல் தேய்க்கும். புது ஃபில்டர் சில நூறு ரூபாய்தான்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளத்தில் மூழ்கியது வேறு, மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் உடைந்தது வேறு என்றுதான் கம்பெனிகள் பார்க்கின்றன. சாதாரண பாலிசியில் இரண்டாவதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம், இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் பேச முடியும். தண்ணீர் எந்த மட்டம் வரைக்கும் நின்றது என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள். அதுவரை சாவியைப் போட வேண்டாம்.

மூழ்கிய வண்டியைக் கையில் எடுத்ததும் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், அடுத்தது ஆயில். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பால் விட்ட டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அந்த ஆயிலோடு ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. பழையதை வடித்து, ஃபில்டர் இருந்தால் அதையும் மாற்றி, விலை குறைந்த ஆயிலாகவே ஊற்றி, பிளக் துவாரத்திலிருந்து தண்ணீர் வரவில்லை என்று உறுதி செய்து பிளக்கை மாட்டிய பிறகு சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, அதையும் வடித்துவிடுங்கள். முதல் தடவை எவ்வளவு வடித்தாலும் கிளட்ச் தட்டுகளுக்கு நடுவில் கொஞ்சம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும், இரண்டாவது ஆயிலும் வெளுத்துத்தான் வரும். மூன்றாவதாக நல்ல ஆயிலை ஊற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். தேன் நிறமாகத் தெளிவாக இருந்தால் வழக்கமான சர்வீஸ் கணக்குக்குத் திரும்பலாம்.