ஆங்கிலத்தில் ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

தமிழில் ‘விட’ ஒன்றே போதும். ‘என்னை விட அவன் பலசாலி’ என்றால் வேலை முடிந்தது. ‘பலசாலி’ அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘தேன்’ (than) மட்டும் போட்டால் போதாது, முன்னால் உள்ள சொல்லின் ஈறும் மாற வேண்டும், அல்லது அதற்கு முன் ‘மோர்’ (more) வர வேண்டும். ‘ஹி இஸ் ஸ்ட்ராங் தேன் மீ’ அல்ல, ‘ஸ்ட்ராங்கர் தேன் மீ’.

இது தெரிந்த சிலர் அளவு மீறி ‘மோர் பெட்டர்’, ‘மோர் ஈஸியர்’ என்பார்கள். பெட்டரிலேயே ஒப்பீடு வந்துவிட்டது, மோர் வேண்டாம். அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘மச் பெட்டர்’ இருக்கிறது.

அலுவலகங்களில் அதிகம் காதில் விழுவது ‘சீனியர் தேன் மீ’. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. அந்த மொழியிலேயே அவை ஒப்பீட்டு வடிவங்கள்தான். இவற்றுக்குப் பின்னால் ‘டு’ வரும்: ‘ஷி இஸ் சீனியர் டு மீ’. பிரிஃபரும் இதே கட்சி: ‘ஐ பிரிஃபர் டீ டு காஃபி’. ஆனால் ‘மோர் சீனியர் தேன்’ என்று ஆங்கிலேயர்களே இன்று எழுதுகிறார்கள். அதைப் பார்த்தவுடன் சிவப்பு மையை எடுக்க வேண்டாம்.

அப்புறம் ‘எல்டர்’. ‘மை எல்டர் பிரதர்’ சரி. ‘ஹி இஸ் எல்டர் தேன் மீ’ தவறு, அங்கே ‘ஓல்டர்’தான். ‘எல்டர் டு மீ’ நம் ஊர் ஆங்கிலத்தில் சகஜம், பேச்சில் யாரும் முறைக்க மாட்டார்கள். ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

புள்ளிவிவரங்களை விவரிக்கும்போது வரும் தவறு இன்னும் நுணுக்கமானது. ‘தி பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தேன் மதுரை’ என்று எழுதினால், மக்கள்தொகையை ஓர் ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும். மக்கள்தொகையை மக்கள்தொகையோடுதான் ஒப்பிட வேண்டும்: ‘தேன் தட் ஆஃப் மதுரை’. தமிழில் ‘சென்னையின் மக்கள்தொகை மதுரையை விட அதிகம்’ என்று சொல்லிப் பழகியதால் இது கண்ணில் படுவதே இல்லை.

‘ஒன் ஆஃப் தி பெஸ்ட்’ வந்தால் அடுத்து பன்மை: ஸ்டூடண்ட் அல்ல, ஸ்டூடண்ட்ஸ்.

கடைசியாக ஒன்று. தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர். அதை ‘ஹையர் தேன் எனி பீக் இன் சவுத் இந்தியா’ என்று எழுதினால் கணக்கு இடிக்கும். ஆனைமுடியும் தென்னிந்தியாவில்தானே இருக்கிறது? ‘எனி அதர் பீக்’ என்று ஓர் ‘அதர்’ சேர்த்தால் சரியாகிவிடும்.