பழைய பிரிட்டிஷ் பைக்கின் முன் பிரேக்: மேம்படுத்தப் போய்ச் செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய பைக்கை ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் புல்லட், இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955-ல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா மூலம் சென்னை வண்டியாகவே ஆகிப்போனது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு ட்ரையம்ப், ஒரு பிஎஸ்ஏ, ஒரு நார்ட்டன். எஞ்சினைப் பிரித்துக் கட்டி, டேங்குக்குத் தங்கக் கோடு போட்டு ரோட்டுக்கு எடுத்ததும் வரும் குறை ஒன்றுதான்: "முன் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது." உடனே அடுத்த கேள்வி: "டிஸ்க் போட்டுரலாமா?"

போடலாம். ஆனால் இருக்கிற பிரேக் சரியான நிலையில் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாமலே அதைக் கழற்றிப் போடுவதுதான் எல்லாவற்றுக்கும் முதல் தவறு. பத்து, இருபது வருடம் திண்ணை ஓரத்தில் நின்ற வண்டியின் ட்ரம் பிரேக்கை (சக்கரத்தோடு சுழலும் ட்ரம்மின் உள்பக்கத்தில் ஷூ அழுந்திப் பிடிக்கும் வகை) வைத்து அந்தக் காலப் பிரேக்கை எடை போடக் கூடாது. ஷூவில் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனர் கண்ணாடி மாதிரி பளபளத்திருக்கும், கேபிள் துருவேறியிருக்கும், ஷூவை விரிக்கும் கேம் இறுகியிருக்கும். இதையெல்லாம் சரிசெய்தாலே பலருக்கு வேறு செலவு தேவைப்படாது.

பிரேக் என்பது கையில் தொடங்கி டயரில் முடிகிற ஒரு தொடர். லீவர், கேபிள், கேம், ஷூ, ட்ரம், ஃபோர்க், டயர். இதில் எது பலவீனமோ அதுதான் மொத்தப் பிரேக்கின் அளவு. கேபிளைக் கவனியுங்கள். பழைய கேபிளின் வெளிக்கூடு, லீவரை அழுத்தும்போது சுருங்கும். உங்கள் கை வலுவில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். கூடு சுருங்காத, கனமான புதுக் கேபிளை, கூர்மையான வளைவு இல்லாமல் கொண்டுபோங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, எங்கும் இழுபடவில்லையா என்று பாருங்கள்.

அடுத்தது கேம் கை, அதாவது கேபிள் இழுக்கும்போது கேமைத் திருப்பும் சிறு நெம்புகோல். ஷூ ட்ரம்மைத் தொடும் நேரத்தில் கேபிளுக்கும் அந்தக் கைக்கும் இடையே கிட்டத்தட்ட 90 பாகை இருக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் திருகுவிசை குறைந்துகொண்டேதான் போகும். லைனர் தேயத் தேய அட்ஜஸ்டரை மட்டும் முறுக்கிக்கொண்டே போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நீளமான கை மாட்டினால் பிரேக் கூடும் என்பதும் பாதி உண்மைதான். விசை கூடும், ஆனால் அதே அளவுக்கு லீவர் அதிக தூரம் வர வேண்டும். ஷூ சரியாக உட்காராத ட்ரம்மில் லீவர் ஹேண்டிலை முட்டிவிடும்.

ஷூ உட்காருவது என்கிற இந்த விஷயத்தில்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். புது லைனர் ஒட்டிய ஷூவை வாங்கி அப்படியே மாட்டினால், அதன் வளைவும் ட்ரம்மின் வளைவும் ஒத்துப்போகாது. நடுவிலோ நுனியிலோ கொஞ்சம் இடம்தான் படும். ஷூவை, அதைத் தாங்கும் சுழலாத பிரேக் தட்டிலேயே மாட்டி, தட்டோடு லேத்தில் பிடித்து, ட்ரம்மின் விட்டத்துக்கு மயிரிழை குறைவாகக் கடைய வேண்டும். அதற்கு முன் ட்ரம் உண்மையிலேயே வட்டமாக இருக்கிறதா என்று அளந்தாக வேண்டும். ட்ரம்மைத் தனியாகக் கடைந்து கொண்டுவந்து, அப்புறம் ஸ்போக் கட்டுவது வழக்கமான தவறு. ஸ்போக்கின் இழுப்பில் ட்ரம் கொஞ்சம் நீள்வட்டமாகும். எனவே ஸ்போக் கட்டி, பெண்டு எடுத்து முடித்த வீலைத்தான் லேத்தில் ஏற்ற வேண்டும். "அவ்வளவு பெரிய வீல் ஏறாது" என்று பட்டறைக்காரர் சொன்னால், ஏறும் பட்டறையைத் தேடிப் போங்கள். காரைக்குடியில் இல்லையென்றால் மதுரையிலோ திருச்சியிலோ கேட்டுப் பாருங்கள்.

சக்கரத்தை மாட்டும்போது ஆக்சில் நட்டை முறுக்கிவிட்டு நேரே கிளம்பிவிடக் கூடாது. நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நட்டை முறுக்குங்கள். அப்போதுதான் தட்டு ட்ரம்மின் மையத்தில் உட்காரும். காசு செலவில்லாத வேலை, பலன் அதிகம்.

ட்வின் லீடிங் ஷூ பற்றி ஒரு வார்த்தை. சாதாரண ட்ரம்மில் ஒரு ஷூதான் சுழற்சியோடு சேர்ந்து தானே இறுகும். இதில் இரண்டும் இறுகும். ட்ரையம்ப் 650-க்கு 8 அங்குல அளவில் 1968-ல் வந்தது இதுதான். நம் புல்லட்டுக்கும் பிற்பாடு 7 அங்குலத்தில் வந்தது. பழைய 6 அங்குல ட்ரம் வைத்திருப்பவருக்கு டிஸ்க்கைவிட இயல்பான மாற்றம் இது என்பது என் கருத்து. வண்டியின் முகமும் மாறாது. ஆனால் இரண்டு கேமையும் இணைக்கும் கம்பியின் நீளம் சரியில்லையென்றால் ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும், மற்றது வேடிக்கை பார்க்கும். கம்பியைக் கழற்றி, இரண்டு ஷூவையும் தனித்தனியே ட்ரம்மைத் தொடும்வரை கொண்டுவந்து, அந்த நிலையில் கம்பியை அளவு பார்த்து மாட்ட வேண்டும். இன்னொன்று: வண்டி பின்னோக்கி உருளும்போது இந்தப் பிரேக் மிகவும் மந்தம். நம் ஊர்ச் சமநிலத்தில் தெரியாது. கொடைக்கானல் மலை ஏற்றத்தில் நிறுத்தும்போது தெரியும். அங்கே பின் பிரேக்கை நம்புங்கள்.

தட்டைச் சுழலவிடாமல் ஃபோர்க்கோடு பிடித்திருக்கும் இடம் ஆட்டம் கண்டிருந்தால் எந்த மேம்பாட்டையும் தொடாதீர்கள். அது விட்டுவிட்டால் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, கேபிளை அறுத்து, சக்கரத்தைப் பூட்டிவிடும்.

சரி, டிஸ்க்தான் வேண்டும் என்கிறீர்கள். இங்கே நடக்கும் பெரிய தவறு, ஒரு வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் (லீவர் அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் பாகம்), இன்னொரு வண்டியின் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) என்று சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கிடைத்ததைச் சேர்ப்பது. இரண்டின் பிஸ்டன் அளவுகளுக்கும் ஒரு விகிதம் உண்டு. 1972-ல் நார்ட்டன் கமாண்டோவுக்கு டிஸ்க் வந்தபோது மாஸ்டர் சிலிண்டர் துளை 15.9 மி.மீ. லீவர் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. உள்ளே ஸ்லீவ் (மெல்லிய குழாய்) போட்டு 13 மி.மீ. ஆக்கியவர்களுக்கு, அதே கை அழுத்தத்தில் சுமார் ஒன்றரை மடங்கு அழுத்தம் கிடைத்தது. லீவர் அதே ஒன்றரை மடங்கு தூரம் வரும், அவ்வளவுதான். லீவர் கெட்டியாக இருந்தால் நல்ல பிரேக் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து டிஸ்க்கில் குரோம் பூச்சு இருந்தால் அதைச் சாணை பிடித்து எடுப்பதும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமான குரோம் மேல் பேட் பிடிக்கத் தாமதமாகும்.

காலிப்பர் பிடிக்க ஃபோர்க்கின் அலுமினியக் காலில் காது வைத்து வெல்டிங் செய்வதை எந்தக் காரணத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய வார்ப்பில் வெல்டிங் எங்கே விரிசல் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மெல்லிய ஃபோர்க், ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் பெரிய டிஸ்க்குக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. அழுத்திப் பிடித்தால் முறுக்கிக்கொண்டு வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க்குக்கு என்றே வந்த ஃபோர்க், ஹப், காலிப்பர் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். கழற்றிய அசல் பாகங்களைத் துடைத்து எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள். 50 வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் பதிவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், அசல் வடிவத்தில் இருப்பது முக்கியம்.

பிரேக் ஆயில்: டாட் 4 என்ற வகை ஈரத்தை உறிஞ்சும், பெயின்டைத் தின்னும். டாட் 5 சிலிக்கான் வகை. இரண்டையும் கலக்கவே கூடாது.

நம் பக்கத்துச் செம்மண் புழுதி ட்ரம்முக்குள் படிந்தே தீரும். அதை ஏர் பைப்பால் ஊதாதீர்கள். பழைய லைனரில் கல்நார் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். லைனரில் கிரீஸ் ஊறியிருந்தால் பெட்ரோலால் கழுவிச் சமாளிக்க வேண்டாம், மாற்றுங்கள். கிரீஸ் கசிந்த பேரிங் சீலையும் சேர்த்து.

எல்லாம் முடிந்ததும் நேரே திருப்பத்தூர் ரோட்டில் வேகம் பார்க்கக் கூடாது. அங்கே ஆடு குறுக்கே வரும். தை மாதமென்றால் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் கூட்டமும் இருக்கும். புது லைனர் படிய நேரம் எடுக்கும். காலையில் ஆளில்லாத ரோட்டில் 40 கி.மீ. வேகத்திலிருந்து மெதுவாக, நிற்கும் அளவுக்குப் போகாமல் வேகத்தைக் குறையுங்கள். ட்ரம் ஆறவிட்டு மறுபடி செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் ட்ரம் சூடு ஆறிய பிறகு கேபிளின் தளர்வு, ஆக்சில் நட், தட்டைப் பிடிக்கும் போல்ட் மூன்றையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் இவற்றில் ஏதாவது ஒன்று இளகியிருக்கும்.