ஓபன் விஸ்விட்ச்சில் விஎக்ஸ்லேன் டன்னல்களுக்கு அடையாள எண் அமைக்கும் முறை

மதுரை தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையும் திருமங்கலத்தில் அதன் கிடங்கும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு இடங்களிலும் லினக்ஸ் சர்வரில் ஓபன் விஸ்விட்ச் என்னும் மென்பொருள் சுவிட்ச் இயங்குகிறது. ஒரே சுவிட்ச்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் விலேன் முறையில், கணக்குப் பிரிவின் கணினிகள் விலேன் 10-லும் கண்காணிப்புக் கேமராக்கள் விலேன் 20-லும் உள்ளன. ஒரு வலையமைப்பின் பாக்கெட்டுகளை யுடிபி பாக்கெட்டுக்குள் பொதிந்து மறுமுனைக்குக் கொண்டுசெல்லும் முறையே விஎக்ஸ்லேன்; அப்படிப் பொதிந்து செல்லும் பாதைதான் டன்னல். இவ்விரு வலையமைப்புகளும் கலந்துவிடாமல் ஒரே இணைப்பின் வழியே மறுமுனைக்குச் செல்ல வேண்டுமானால், ஒவ்வொன்றுக்கும் விஎன்ஐ எனப்படும் தனித்தனி அடையாள எண் தேவை. விலேன் எண்ணுக்கு 12 பிட் மட்டுமே இடம் இருப்பதால் 4094-க்கு மேல் போக முடியாது. விஎன்ஐ-க்கு 24 பிட் உண்டு என்பதால் ஏறத்தாழ 1.67 கோடி எண்கள் கிடைக்கின்றன.

கட்டளைகளைத் தொடுவதற்கு முன் எண் திட்டத்தைத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது. 1, 2, 3 என்று மனம்போன போக்கில் வைத்தால், ஆறு மாதம் கழித்து எந்த எண் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. மதுரையின் எஸ்டிடி குறியீடான 452-ஐ முன்னே வைத்து, விலேன் எண்ணை மூன்று இலக்கமாகப் பின்னே சேர்த்தால், கணக்குப் பிரிவுக்கு 452010 என்றும் கேமராக்களுக்கு 452020 என்றும் கிடைக்கும். விலேன் எண் 999-ஐத் தாண்டாத வரை இந்த முறை போதும்.

விஎக்ஸ்லேன் தானாக எதையும் மறையாக்கம் செய்வதில்லை. ஆகவே பொது இணையத்தின் வழியே போகும் டன்னலுக்கு அடியில் வயர்கார்டு (மறையாக்கம் செய்யும் விபிஎன் மென்பொருள்) போன்ற ஒன்று அவசியம் இருக்க வேண்டும். கடையின் வயர்கார்டு முகவரி 10.8.0.1, கிடங்கின் முகவரி 10.8.0.2 என்று வைத்துக்கொண்டால், கடை சர்வரில் ஓவிஎஸ்-விஎஸ்சிடிஎல் கருவியின் ஆட்-போர்ட் கட்டளையைக் கொண்டு பிரிட்ஜில் (ஓபன் விஸ்விட்ச் உருவாக்கும் மெய்நிகர் சுவிட்ச்) ஒரு போர்ட்டைச் சேர்த்து, அதன் டேக் (விலேன் எண்) 10 என்றும், இன்டர்ஃபேஸ் வகை விஎக்ஸ்லேன் என்றும், ஆப்ஷன்ஸ் பகுதியில் ரிமோட் ஐபி 10.8.0.2 என்றும், கீ (அதாவது விஎன்ஐ) 452010 என்றும் தர வேண்டும். டேக் 20, கீ 452020 என்று இரண்டாவது போர்ட்டையும் இவ்வாறே சேர்க்கலாம். கீ வேறாக இருப்பதால் ஒரே மறுமுனைக்கு இரண்டு போர்ட்டுகள் இருப்பதில் முரண்பாடு இல்லை. கிடங்கிலும் இதையே செய்து, ரிமோட் ஐபியை மட்டும் 10.8.0.1 என மாற்ற வேண்டும்.

இங்கே டேக்கை விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. டேக் இல்லாத போர்ட் எல்லா விலேன்களையும் சுமக்கும் டிரங்க் ஆகிவிடுவதால், இரண்டு டன்னல்களும் ஒரே இரு பிரிட்ஜுகளுக்கு இடையே இணையான பாதைகளாகி, பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் ஓயாமல் சுற்றத் தொடங்கும். மேலூரில் கிளை திறந்து மூன்று இடங்களையும் முக்கோணமாக இணைத்தாலும் இதே கதைதான். கடையை மையமாக வைத்துக் கிடங்கையும் கிளையையும் அதனோடு மட்டும் இணைப்பதே என் பரிந்துரை.

கீ-யைத் தராவிட்டால் அது 0 என்றே கொள்ளப்படும். இரு முனைகளிலும் எண் வேறுபட்டால், பெறும் முனை பாக்கெட்டைக் கைவிடும். அனுப்பியவருக்கு எந்த அறிவிப்பும் போகாது, பெறும் முனையின் விஸ்விட்ச்டி (ஓபன் விஸ்விட்ச்சின் பின்னணிச் செயலி) லாக்கில் மட்டுமே எச்சரிக்கை பதியும். எனவே பிங் போகவில்லையென்றால் முதலில் அந்த லாக்கைப் பார்த்துவிட்டு, வயர்கார்டு இடைமுகத்தில் பாக்கெட்டுகளைப் பார்க்கும் டிசிபிடம்ப் கருவியை வைத்து, விஎக்ஸ்லேனின் யுடிபி போர்ட்டான 4789-ஐக் கவனிக்க வேண்டும். டிசிபிடம்ப் விஎன்ஐ-யைத் தசம எண்ணாகவே காட்டும். ஓபன் விஸ்விட்ச்சின் டேட்டாபாத் ஃப்ளோ பட்டியலோ ஹெக்ஸில் (பதினாறடிமான எண்முறையில்) காட்டுவதால், அங்கே 452010 என்பது 6ஈ5ஏஏ என்று தெரியும். மறுமுனையில் ஓபன் விஸ்விட்ச்சுக்குப் பதிலாக லினக்ஸ் கர்னலின் விஎக்ஸ்லேன் இடைமுகம் இருந்தால், அது பழைய இயல்பு மதிப்பான 8472-ஐப் பயன்படுத்தக்கூடும்; அங்கே 4789 என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

பிங் போகிறது, ஆனால் பில்லிங் மென்பொருள் பாதியில் நிற்கிறது என்றால் ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவான எம்டியு-வைச் சந்தேகிக்கலாம். ஐபிவி4-இல் விஎக்ஸ்லேன் 50 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. வயர்கார்டின் வழக்கமான எம்டியு 1420 என்பதால், உள்ளே உள்ள கணினிகளுக்கு 1370 என்று அமைக்க வேண்டும்.

வலையமைப்புகள் பல்கிவிட்டால், கீ-யின் இடத்தில் ஃப்ளோ என்று எழுதி, ஒரே போர்ட்டில் ஓபன்ஃப்ளோ விதிகளின் (பாக்கெட்டை எப்படிக் கையாள்வது என்று சுவிட்ச்சுக்குச் சொல்பவை) வழியே டன்னல் ஐடியை நிர்ணயிக்கும் முறையும் உண்டு. நான்கைந்து வலையமைப்புகளுக்கு அது தேவையற்ற சுமை. போர்ட் அமைப்புகள் ஓவிஎஸ்டிபி தரவுத்தளத்தில் தங்குவதால் சர்வரை மறுதொடக்கம் செய்தாலும் நிலைக்கும். ஓவிஎஸ்-ஓஎஃப்சிடிஎல் கொண்டு கையால் சேர்த்த ஓபன்ஃப்ளோ விதிகள் நிலைக்காது என்பதால், அவற்றை ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு ஒரு தொடக்க ஸ்கிரிப்ட் எழுதி வைக்க வேண்டியிருக்கும்.