பழைய கபின் குரூசர் வாங்கித் தயார் செய்வது எப்படி: ஒன்ராறியோ ஏரிக்கரையிலிருந்து ஒரு செய்முறை

ஸ்காபரோவில் பிரிம்லி வீதி தெற்கே இறங்கி முடியும் இடத்தில் புளஃபர்ஸ் பார்க் மரீனா இருக்கிறது. கோடை மாலைகளில் அங்கே நடக்க வரும் நம்மவர்கள் கட்டிக் கிடக்கும் படகுகளைப் பார்த்து நின்று, "அண்ணை, இது எவ்வளவு வரும்?" என்று என்னிடம் கேட்பார்கள். விலையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஓரளவு ஓடிய ஒரு காரின் விலைக்கே, உள்ளே நால்வர் படுக்கக்கூடிய, சிறு சமையல் மேடையும் கழிவறையும் உள்ள 26 அடிப் படகு, அதாவது கபின் குரூசர், கிடைத்துவிடும். ஆனால் அந்தக் காசோடு செலவு நின்றுவிடாது. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரியாவிட்டால், வாங்கிய விலையைப் போல இன்னொரு மடங்கு திருத்த வேலைக்கே போய்விடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய படகைப் பார்க்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்திருங்கள்: தண்ணீர் போகக்கூடாத எந்த இடத்துக்குப் போயிருக்கிறது? மரத்துக்குள்ளா, எஞ்சின் எண்ணெய்க்குள்ளா, பெற்றோல் தாங்கிக்குள்ளா? கீழே சொல்லும் சோதனைகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்கு விடை தேடுபவைதான்.

படி 1: எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

முதல் படகுக்கு 24 முதல் 28 அடி போதும். அதைவிடச் சிறியதில் ஒரு குடும்பம் இரவு தங்குவது சிரமம். பெரியதை முதல் வருடத்திலேயே மரீனாவுக்குள் திருப்பி நிறுத்துவது அதைவிடச் சிரமம். அகலத்தையும் பாருங்கள். எட்டரை அடிக்கு மேல் அகலமான படகை வீதியில் இழுத்துச் செல்லத் தனி அனுமதி வேண்டும். 26 அடிப் படகு மூன்று தொன் அளவு நிறை இருக்கும். வீட்டில் நிற்கும் சாதாரண வாகனம் அதை இழுக்காது. ஆகவே மரீனாவில் இடவாடகை, குளிர்காலத்தில் கரையேற்றி வைக்கும் கட்டணம் இரண்டையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பெற்றோலையும் மறக்கவேண்டாம். 5.7 லீற்றர் வி8 எஞ்சின் வேகமாக ஓடும்போது மணிக்கு 40 முதல் 50 லீற்றர் வரை குடிக்கும். மெதுவாகப் போனால் அதில் சிறு பங்குதான். கால்வாய்களிலும் சிற்றேரிகளிலும் பயணிப்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

படி 2: இலையுதிர் காலத்தில் தேடுங்கள்

செப்ரெம்பர் மாதம்தான் வாங்க நல்ல நேரம். விற்பவருக்குக் குளிர்காலக் கட்டணம் கண்முன்னே நிற்கும், விலையில் இறங்கி வருவார். அதைவிட முக்கியம், படகு இன்னும் தண்ணீரில் நிற்கும், ஓட்டிப் பார்க்கலாம். பெப்ரவரியில் வெள்ளைப் பிளாஸ்டிக்கால் சுற்றி வைத்த படகை வாங்குபவர் எஞ்சின் ஓடுவதைக் கேட்காமலே காசு கொடுக்கிறார்.

சீ ரே, பேலைனர், ஃபோர் வின்ஸ், ரிங்கர், கியூபெக்கில் கட்டப்பட்ட டோரல் ஆகியவை இங்கே அடிக்கடி விற்பனைக்கு வரும். எந்தப் பெயர் என்பதைவிட யார் வைத்திருந்தார் என்பதே எனக்குப் பெரிது. பராமரிப்புப் பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கும் மனிதரின் படகை நான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

படி 3: உடலைத் தட்டிப் பாருங்கள்

மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போம் அல்லவா, அதே வேலைதான். ஒரு சிறிய பிளாஸ்டிக் சுத்தியலோடு போங்கள். ஃபைபர் கிளாஸ் படகு என்றாலும் தளத்துக்குள்ளும், பின்சுவருக்குள்ளும், அடியில் நீளமாக ஓடும் தாங்கு சட்டங்களுக்குள்ளும் பல பழைய படகுகளில் மரம் இருக்கும். நல்ல இடத்தில் தட்டினால் "டக் டக்" என்று கூரான சத்தம் வரும். உள்ளே மரம் ஊறி அழுகிய இடத்தில் "தொம்" என்று மந்தமாக விழும். தளத்தில் நடந்து பாருங்கள். காலடியில் மெத்தென்று அமுங்கினால் அங்கே தண்ணீர் புகுந்திருக்கிறது.

சந்தேகத்துக்குரிய இடங்கள் மேலே திருகாணி இறங்கிய இடங்கள்தான். கைப்பிடிக் கம்பியின் அடி, கயிறு கட்டும் கொண்டி, ஜன்னல் விளிம்பு, பின்சுவரில் நீச்சல் ஏணி பூட்டிய இடம். கபினுக்குள் மெத்தைகளைத் தூக்கி, அடியில் உள்ள பலகையில் நீர்க்கறை தெரிகிறதா என்று பாருங்கள். மூக்கையும் பயன்படுத்துங்கள். பூஞ்சண நாற்றத்தை வாசனைத் திரவியத்தால் ஒரு பின்னேரம் மறைக்கலாம், அதற்கு மேல் முடியாது.

மேலே விரிக்கும் துணிக்கூரையை முழுதாக விரிக்கச் சொல்லுங்கள். புதிதாகத் தைக்கப் பல ஆயிரம் டொலர் ஆகும். தையல் விட்டுப்போயிருந்தால் அதை விலையில் கழிக்கவேண்டும்.

படி 4: எஞ்சின், அதுவும் குளிர்காலம் கடந்த எஞ்சின்

இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் என் முதல் படகில் நான் தோற்றது இங்கேதான்.

இப்படிப்பட்ட படகுகளில் பெரும்பாலும் மெர்குரூசர் அல்லது வொல்வோ பென்ரா பெற்றோல் எஞ்சின் இருக்கும். பல எஞ்சின்கள் ஏரித் தண்ணீரையே நேராக உறிஞ்சி, தன் உடலுக்குள் சுற்றவிட்டுக் குளிர்கின்றன. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 வீதம் விரியும். ஒக்ரோபரில் எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீரை முறையாக வடிக்காமல் விட்டால், ஜனவரியில் அந்த விரிவு வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். எஞ்சினின் இரு பக்கமும் வடிகால் திருகு இருக்கும். அதைக் கழற்றினாலும் சிலவேளை ஒரு சொட்டும் வராது, துருவும் சேறும் துளையை அடைத்திருக்கும். கம்பியால் குத்திவிட்டால்தான் தண்ணீர் கொட்டும். இதைத் தெரியாமல், "திருகைக் கழற்றினேன், தண்ணீர் இல்லை" என்று நினைத்து விட்டவர்களின் எஞ்சின்தான் வெடிக்கும்.

நான் ஏப்ரல் மாதம் வாங்கிய படகில் எஞ்சின் பளபளவென்று புதுச்சாயத்தோடு இருந்தது. அழகாகப் பராமரித்திருக்கிறார் என்று நினைத்தேன். தண்ணீரில் இறக்கி இருபது நிமிடம் ஓட்டிய பிறகு எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தால், எண்ணெய் தண்ணீர் கலந்து பால்தேநீர் நிறத்தில் இருந்தது. சாயத்துக்கு அடியில் பசை வைத்து மூடிய ஒரு நீளமான வெடிப்பு. அந்தக் கோடை முழுதும் படகு கரையில் நின்றது, என் பிள்ளைகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் "இன்றைக்குப் போகலாமா?" என்று கேட்டார்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். போய் இறங்கியதும் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. எண்ணெய்க் கம்பியை ஓட்டுவதற்கு முன்பும் பின்பும் பாருங்கள். எஞ்சினின் பக்கவாட்டில் ஓரிடத்தில் மட்டும் புதுச்சாயம் இருந்தால் விளக்கு அடித்து உற்றுப் பாருங்கள். ஒரு மெக்கானிக்கைக் கொண்டு எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எண் எதுவாயினும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கவேண்டும். 10 வீதத்துக்கு மேல் விலகினால் காரணம் தெரியாமல் காசு கொடுக்காதீர்கள்.

எஞ்சினின் சுழற்சியைத் தண்ணீருக்குள் இருக்கும் சுழலிக்கு (புரொப்பெல்லர்) கொண்டுபோகும், பின்னால் தொங்கும் ஸ்டேர்ன் டிரைவ் அடுத்த பெரிய விடயம். எஞ்சினிலிருந்து சுழற்சி வெளியே வரும் துளை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதை மூடிக் காப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறைதான். பெல்லோஸ் என்பார்கள். அது கிழிந்தால் முதலில் உள்ளே உள்ள பெயாரிங் துருப்பிடிக்கும். அதையும் கவனிக்காவிட்டால் படகு கட்டிய இடத்திலேயே தாழலாம். கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கிடுங்கள். ஓட்டத்தின்போது சுக்கானைத் திருப்புகையில் பின்பக்கத்திலிருந்து அரைக்கும் சத்தம் வந்தால் அந்தப் பெயாரிங் போய்விட்டது.

படி 5: சர்வேயரும் சோதனை ஓட்டமும்

உங்களுக்குப் பிடித்துவிட்டால், சர்வேயும் (படகைப் பரிசோதிக்கும் நிபுணரின் ஆய்வு) சோதனை ஓட்டமும் சரியாக வந்தால் மட்டும் வாங்குவேன் என்று எழுதி முற்பணம் கொடுங்கள். சர்வேயரை நீங்களே தேடுங்கள். விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம். பழைய படகு என்றால் காப்புறுதி நிறுவனமும் பெரும்பாலும் சர்வே அறிக்கை கேட்கும், ஆகவே இது வீண் செலவு ஆகாது. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கும் அன்று நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு நல்ல சர்வேயரோடு கழிக்கும் அரை நாளில் கிடைக்கும் படிப்பு வேறெங்கும் கிடைக்காது.

சோதனை ஓட்டத்தில் முழு வேகத்தில் ஒரு சில நிமிடமாவது ஓட்டுங்கள். கையேட்டில் உள்ள உச்சச் சுழற்சியை (பல 5.7 எஞ்சின்களுக்கு நிமிடத்துக்கு 4400 முதல் 4800) எட்டாவிட்டால் சுழலியோ எஞ்சினோ சரியில்லை. வெப்பமானி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறதா என்பதையும் கவனியுங்கள்.

படி 6: காகிதங்கள்

படகின் பின்சுவரில் வலப்பக்க மேல்மூலையில் 12 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாள எண் இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. விளம்பரத்தில் சொன்ன ஆண்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விற்பவரின் முழுப்பெயரைக் கொடுத்து மாகாணக் கடன் பதிவேட்டிலும் தேடுங்கள். அவர் கட்டாத கடன் படகோடு சேர்ந்து உங்களிடம் வந்துவிடலாம். 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள எஞ்சினுக்குப் படகு உரிமம் உண்டு, அதை உங்கள் பெயருக்கு மாற்றி எண்ணை அணியத்தின் (படகின் முன்பகுதி) இரு பக்கமும் ஒட்டவேண்டும். ஓட்டுபவருக்குப் படகோட்டி அட்டை வேண்டும். ஒரு முறை தேர்வு எழுதினால் வாழ்நாள் முழுக்கச் செல்லும்.

படி 7: பொருட்கள், முக்கியமான வரிசையில்

கடையில் முதலில் கண்ணில் படுவது பெரிய திரையுள்ள வரைபடக் கருவிதான். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் தீயும் புகையும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும். அதனால் ஒவ்வொரு முறையும் எஞ்சினைத் தொடங்கும் முன் அந்த ஆவியை வெளியேற்றும் புளோயர் விசிறியை நான்கு நிமிடம் ஓடவிடவேண்டும். பெற்றோல் அடித்த பிறகு கட்டாயம். நாசியாலும் மோந்து பாருங்கள். ஸ்ராட்டரோ ஒல்ரர்நேற்றரோ மாற்றும்போது மலிவு என்று கார்க் கடையில் வாங்கவே வாங்காதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், படகுக்கானவை பொறி வெளியே வராதபடி மூடிச் செய்யப்பட்டவை. இதில் மிச்சம் பிடிக்கும் ஐம்பது டொலருக்கு ஒரு குடும்பத்தைப் பணயம் வைக்க முடியாது. கபினுக்குள் கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்று மாட்டுங்கள். மெதுவாக ஓடும் படகின் பின்னால் காற்று சுழன்று, வெளியேற்றிய புகையை மீண்டும் உள்ளே இழுத்து வரும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. எஞ்சின் ஓடும்போது பிள்ளைகளைப் பின்மேடையில் இருக்க விடாதீர்கள்.

அப்புறம் சட்டம் கேட்பவை: ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட், மிதக்கும் 15 மீற்றர் எறிகயிறு, தண்ணீரிலிருந்து ஏற ஏணி, தீயணைப்பான், ஊதுகுழல், ஆபத்தில் ஒளிச் சைகை காட்டும் ஃபிளேர். எரிபொருள் அடுப்பு இருந்தால் இன்னொரு தீயணைப்பான் வேண்டும். ஃபிளேர் தயாரித்த நாளிலிருந்து நான்கு ஆண்டுதான் செல்லும். பழைய படகோடு வருபவை பெரும்பாலும் காலாவதியானவை.

அடுத்தது நங்கூரம். 26 அடிப் படகுக்குப் பத்துக் கிலோ அளவிலான நங்கூரம், ஐந்தாறு மீற்றர் சங்கிலி, 50 மீற்றர் நைலோன் கயிறு. ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி ஏழால் பெருக்குங்கள். நான்கு மீற்றர் ஆழம், ஒரு மீற்றர் உயரம் என்றால் 35 மீற்றர் விடவேண்டும். கயிறு குறைந்தால் எவ்வளவு கனமான நங்கூரமும் இழுபட்டு வரும்.

பட்டரி இரண்டு வையுங்கள், ஒன்று எஞ்சினுக்கு மட்டும். மற்றது விளக்கு, குளிர்ப்பெட்டி, தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றுக்கு. அனோட் என்பது மற்ற உலோகப் பாகங்கள் அரிக்காதபடி தான் கரைந்துபோகும் உலோகத் துண்டு; நன்னீர் ஏரியில் நிற்கும் படகுக்கு மக்னீசியம் அனோட் பொருந்தும். கடலுக்கான சிங்க் அனோட்டை யாராவது பூட்டியிருந்தால் மாற்றிவிடுங்கள், நன்னீரில் அது சரியாகக் கரைந்து காப்பாற்றாது. கழிவறைக் கழிவு தாங்கிக்குள்தான் போகவேண்டும். ஒன்ராறியோவில் ஏரிக்குள் விடுவது சட்டவிரோதம், மரீனாக்களில் உறிஞ்சி எடுக்கும் வசதி உண்டு. படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோ ஒன்று வாங்கி, அதற்கான சான்றிதழையும் எடுத்துவிடுங்கள். ஏரி நடுவில் கைபேசி கைவிட்டாலும் 16ஆம் அலைவரிசையில் யாராவது கேட்பார்கள்.

படி 8: முதல் பயணங்கள்

ஒன்ராறியோ ஏரி பெரியது, காற்று மாறினால் குறுகிய செங்குத்தான அலை எழும்பும். முதல் மாதம் காலை நேரத்தில் கரையை ஒட்டிப் போய் மதியத்துக்குள் திரும்புங்கள். படகு கட்டுவதை யாருமில்லாத வார நாளில் பத்து முறையாவது பழகுங்கள்.

கொஞ்சம் கை பழகியதும் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழிக்குப் போங்கள். ட்ரென்ரனிலிருந்து ஜோர்ஜியன் விரிகுடா வரை 386 கிலோமீற்றர், மே நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் வரை திறந்திருக்கும். அலைத் தொல்லை குறைவு, ஆற்றோரக் கிராமங்களில் இரவு தங்கலாம். வழியில் பூட்டுக்கதவுகள் வரும், படகை உள்ளே அடைத்துத் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் அறைகள் அவை. அதற்கு முன்னால் சுவரில் நீலக்கோடு தெரியும் இடத்தில் கட்டினால் உள்ளே வர விரும்புகிறீர்கள் என்று பொருள். உள்ளே போனதும் தொங்கும் கம்பியைச் சுற்றிக் கயிற்றைப் போட்டுக் கையில் பிடித்திருங்கள், படகில் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் இறங்கும்போது முடிச்சு இருந்தால் படகு தொங்கிவிடும். எஞ்சினை அணைத்து, புளோயரை மட்டும் ஓடவிடுங்கள். இதே நீர்வழியில் 1904இல் திறந்த பீற்றர்போரோ படகுத்தூக்கியில் இரண்டு பெரிய தொட்டிகள் ஒன்றையொன்று சமன்செய்தபடி ஏறி இறங்கும். ஒரு தொட்டியில் கொஞ்சம் கூடுதல் தண்ணீரை விட, அது தாழும் கனத்திலேயே நீங்கள் நிற்கும் மற்றத் தொட்டி படகோடும் தண்ணீரோடும் கிட்டத்தட்ட 20 மீற்றர் மேலே போய்விடும். பிள்ளைகளை அணியத்தில் உட்காரவைத்து, லைஃப் ஜாக்கெட்டைப் பூட்டிவிட்டு, மேலே ஏறும்போது நகரம் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள்.