வடசென்னையில் பிறப்புச் சான்றும் குடியுரிமை ஆவணங்களும்: உதவ முன்வருவோருக்கு

நம் பகுதியில் ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு ஆகும் செலவில் அரசுக் கட்டணத்தின் பங்கு மிகச் சிறியது. பணத்தைத் தின்பவை புரோக்கருக்குக் கொடுக்கும் தொகையும், தவறான அலுவலகத்தில் நின்று இழக்கும் நாள் கூலியும்தான். எனவே, தெருவில் ஒரு மேசை போட்டு உதவ நினைக்கும் மகளிர் குழுவோ இளைஞர் மன்றமோ, முதலில் பதிவு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வீடு எங்கே இருந்தாலும், பிரசவம் நடந்த இடத்தில்தான் பிறப்பு பதிவாகும். எண்ணூர்க் குழந்தை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்திருந்தால், அந்த மருத்துவமனை இருக்கும் பகுதியின் பதிவேட்டில்தான் தேட வேண்டும். திருவொற்றியூர் மண்டல அலுவலகத்தில் காத்திருந்து பயனில்லை. திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் ஆகியவை 2011 வரை தனி நகராட்சிகளாக இருந்தவை என்பதால், அதற்கு முன் அங்கே பிறந்தவர்களின் பதிவு பழைய நகராட்சியின் ஏடுகளில் இருக்கும். விண்ணப்பத்தில் அந்த நகராட்சியின் பெயரைக் குறிப்பிட்டால் தேடுவோருக்கு வேலை எளிதாகும். சென்னை மாநகராட்சியில் பதிவான பிறப்புக்கு, மாநகராட்சி இணையதளத்திலேயே சான்றிதழைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். கைப்பேசி வைத்திருக்கும் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் பத்துக் குடும்பங்களுக்கு இதைச் செய்து கொடுக்க முடியும்.

புதிதாகப் பிறந்த குழந்தை என்றால் 21 நாட்களுக்குள் பதிவு செய்வதற்குக் கட்டணம் கிடையாது. பெயர் வைக்காமல் பதிவு செய்திருந்தால் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஓராண்டு கடந்தும் பிறப்பே பதிவாகவில்லை என்றால் கோட்டாட்சியர் நிலையிலான அதிகாரியின் ஆணை தேவைப்படும். தெருவில் கர்ப்பிணிகள் யார் யார் என்று அறிந்து, பிரசவமான வாரத்திலேயே போய் நினைவூட்டுவதைவிட மலிவான உதவி எனக்குத் தெரிந்து வேறில்லை. ஏனெனில் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு ஆகிய எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் மாறிவிட்டது.

ஆதார் அட்டை குடியுரிமைக்கு ஆதாரமாகாது என்று 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்திலேயே இருக்கிறது. இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொறுமையாகச் சொல்லுங்கள். குடியுரிமைச் சட்டப்படி பிறந்த தேதியைப் பொறுத்துத் தேவைப்படும் ஆவணங்கள் மாறும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவருக்குத் தம் பிறப்பைக் காட்டினால் பொதுவாகப் போதும். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகன் என்றும் காட்ட வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் குடிமக்களாகவோ, ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவோ இருக்க வேண்டும். ஆகவே பிள்ளையின் ஆவணத்தோடு நிறுத்தாமல் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியின் காகிதங்களையும் தேடச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் சான்றிதழ், குடிசை மாற்று வாரியத்தின் வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, 1987க்கு முந்தைய அஞ்சலகக் கணக்குப் புத்தகம், எல்.ஐ.சி. பத்திரம், சாதிச் சான்றிதழ் ஆகியவை பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். குப்பை என்று அவற்றை ஒருவரும் எறிந்துவிடக் கூடாது.

பதிவேட்டைத் தர மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் எழுத்துவழி கேளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் இல்லை. வழக்கறிஞர் தேவைப்படும் நிலை வந்தால், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறலாம். 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள்.

கிடைத்த ஆவணத்தைக் காப்பதும் உங்கள் மேசையின் வேலையே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த நீர் புகுந்ததை நாம் பார்த்தோம். அசலை நீர் புகாத உறையிலிட்டு உயரமான பரணில் வைக்கச் சொல்லுங்கள். அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் கிடைப்பதைச் சேமித்துக் கொடுங்கள். பதிவு எண்ணையும் தேதியையும் அலுவலகப் பெயரையும் தனிக் குறிப்பேட்டில் குடும்பவாரியாக எழுதி வையுங்கள். சான்றிதழே தொலைந்தாலும் அந்த மூன்றையும் கொண்டு புதிய நகலை எளிதாகப் பெற்றுவிடலாம்.