ஃப்ரீபிஎஸ்டி ஆவணத்தில் ஒரு சொல்லைத் திருத்தி அனுப்பும் முறை

மதுரை மேலமாசி வீதியில் ஓர் அச்சகத்தில் சில ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திய பழக்கத்தால், எதைப் படித்தாலும் பிழைதான் முதலில் என் கண்ணில் படுகிறது. ஃப்ரீபிஎஸ்டி போன்ற கட்டற்ற இயங்குதளங்களின் ஆவணங்களில் அப்படிக் கண்ணில் படும் பிழையை நாமே திருத்தி அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வரும் திருமங்கலம், மேலூர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் கணினியில் உள்ள மேன் பக்கம், அதாவது ஒரு கட்டளையை விளக்கும் உதவிப் பக்கம், நீங்கள் நிறுவிய வெளியீட்டோடு வந்தது. ஆகவே, மாற்றங்களின் வரலாற்றோடு கோப்புகளை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தின் இன்றைய பிரதியில் அந்தப் பிழை இன்னும் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். ஹேண்ட்புக் என்னும் பயனர் கையேடு தனி ஆவணக் களஞ்சியத்தில் இருக்கிறது. மேன் பக்கங்களோ மூலநிரல் களஞ்சியத்தில், அந்தந்த நிரலுக்குப் பக்கத்திலேயே எம்டாக் என்னும் குறியீட்டு வடிவில் இருக்கின்றன. ஹேண்ட்புக் 2021 ஜனவரியில் டாக்புக் என்னும் குறியீட்டு வடிவிலிருந்து ஆஸ்கிடாக் என்னும் வடிவுக்கு மாறிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பின்பற்றினால் வீண் அலைச்சல்தான்.

ஒரு மாணவி கண்டுபிடித்த பிழை, வரியின் கடைசியில் ஒரு 'தி' (the என்னும் ஆங்கிலச் சொல்), அடுத்த வரியின் தொடக்கத்தில் மற்றொரு 'தி' என்று இருந்தது. கண் வரி தாண்டும்போது இரண்டில் ஒன்றை விழுங்கிவிடுவதால் இது எளிதில் தப்பிவிடும். அவள் அந்த ஒரு சொல்லை நீக்கியதோடு, பத்தி அழகாக இருக்கட்டும் என்று மற்ற வரிகளையும் மடித்து ஒழுங்குபடுத்திவிட்டாள். மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் கட்டளையைப் போட்டதும் எட்டு வரிகள் மாறியதாகக் காட்டியது. நீக்கிய சொல் எதுவென்று எனக்கே தேட வேண்டியிருந்தது. அந்தக் கோப்புகளில் ஒரு வாக்கியம் ஒரு வரியில் தொடங்க வேண்டும் என்ற வழக்கம் இந்தத் தொல்லையைக் குறைக்கவும் உதவுகிறது. பிழை இருக்கும் வரியைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். ஒரு திருத்தத்துக்கு ஒரு கமிட், அதாவது மாற்றத்தைக் குறிப்போடு கிட்டில் பதியும் ஒரு பதிவு, போதும். என்னுடைய முதல் திருத்தத்தில் ஐந்து மாற்றங்களை ஒன்றாகக் கட்டி அனுப்பினேன். ஒன்றின் மீது எழுந்த ஐயத்தால் மற்ற நான்கும் தேங்கிக் கிடந்தன.

எழுத்துப் பிழை வேறு, பொருட்பிழை வேறு. ஒரு கட்டளையோடு கொடுக்கும் தெரிவு (ஆப்ஷன்) சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்பது போன்றவற்றை மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்த்து உறுதி செய்த பிறகே மாற்ற வேண்டும். உறுதி கிடைக்காவிட்டால் திருத்தம் அனுப்பாமல், பிழை இருப்பதாக மட்டும் பதிவு செய்வது நல்லது.

மேன் பக்கத்தை அதை வடிவமைத்துக் காட்டும் மேன்டாக் கருவியில் உள்ள, பிழை தேடும் லின்ட் வசதியால் சோதியுங்கள். இகோர் என்னும் கருவி இரட்டைச் சொற்களையும் பிடித்துக்கொடுக்கும். உள்ளடக்கம் மாறியிருந்தால் பக்கத்தின் மேலே உள்ள தேதியையும் மாற்ற வேண்டும். வெறும் எழுத்துப் பிழை என்றால் தேதியைத் தொட வேண்டாம்.

கமிட் குறிப்பின் முதல் வரியில் எந்தப் பக்கம், என்ன மாற்றம் என்பதைச் சுருக்கமாகவும், ஒரு வரி விட்டுக் காரணத்தையும் எழுதுங்கள். உங்கள் பெயரும் மின்னஞ்சலும் வரலாற்றில் எல்லோரும் பார்க்கும்படி நிலைத்துவிடும் என்பதால், எந்த முகவரியைக் கொடுப்பது என்பதைக் கமிட்டுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு கமிட்டைக் கோப்பாக்கும் கிட் ஃபார்மட்-பேட்ச் கட்டளை தரும் கோப்பை, பிழைகளைப் பதியும் தளமான பக்ஸில்லாவில் புதிய பதிவுடன் இணையுங்கள். சில வாரங்களாகியும் பதில் வராவிட்டால் அதே பதிவில் பணிவாக ஒரு வரி நினைவூட்டலாம். அதற்காக இன்னொரு பதிவைத் திறக்கக் கூடாது.